கருவாட்டுக்குப் பக்கத்தில் வைக்காத சாக்கு

சாக்கின் வாயைக் கட்டியிருந்த சணலை அவிழ்த்ததும் எங்கள் ஆய்வுக்கூடம் கோயிலாகிவிட்டது.

மொன்றியலில் அது மார்ச் மாதம். ஜன்னலுக்கு வெளியே அழுக்கேறிய பனி குவிந்து கிடந்தது. உள்ளே அசிட்டோனும் பழைய ரப்பர் குழாயும் நாறிக்கொண்டிருந்த அறையில் திடீரென்று கற்பூர வாசம். தீபாராதனை முடிந்து தட்டு நம் பக்கம் திரும்பும்போது ஒரு கணம் மூக்கில் ஏறுமே, அதே வாசம். நான் யோசிக்கவே இல்லை. இரண்டு கைகளும் தாமாக எழுந்து சாக்கின் மேல் படிந்து, திரும்பி வந்து கண்களில் ஒற்றிக்கொண்டன.

எதிரே நின்ற நசேரியன் என்னைக் கூர்ந்து பார்த்தாள்.

"கல்யாணி, இப்ப என்ன செஞ்சீங்க?"

"சாமி கும்பிட்டேன்."

"என்னோட இலையையா?"

"இலையை இல்லம்மா. வாசத்தை."

அவள் சாக்குக்குள் கையை விட்டு ஒரு பிடி இலையை அள்ளினாள். உள்ளங்கையில் கசக்கினாள். பிறகு சாவதானமாக அதைத் தன் இரண்டு அக்குள்களிலும் வைத்துக் கைகளை இறுக்கிக்கொண்டாள்.

"எங்க ஊர்ல இதை இங்கதான் வெச்சுக்குவோம். வேர்வை நாத்தம் வராது."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அடுத்த நிமிடம் இருவரும் சிரித்த சிரிப்பில் பக்கத்து அறைக்காரர் எட்டிப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போனார்.

நாங்கள் பேசியது ஆங்கிலம்தான். ஆனால் இத்தனை வருடங்களில் அவள் சொன்னதெல்லாம் என் காதுக்குள் தமிழாகவே மாறிவிட்டது. அப்படியே எழுதுகிறேன்.

அவளும் ஒரு மலையும்

இந்தத் தொடரின் சென்ற வாரங்களில் நான் மொன்றியலுக்கு ஆற்றின் அக்கரையில் இருக்கும் புரோசார்டில் குடியேறியதையும், பாலத்துப் போக்குவரத்தில் என் பாதி ஆயுள் கரைந்ததையும் புலம்பித் தீர்த்துவிட்டேன். அந்தப் பாலத்தைக் கடந்து நான் தினமும் போனது ஒரு பல்கலைக்கழக வேதியியல் துறைக்கு. மற்றவர்கள் ஆராய்ச்சி செய்வார்கள். அவர்களுக்காகக் கருவிகளை ஓட்டித் தருவது என் வேலை. என் கணவர் ராகவன் அதை 'அடுத்தவங்க கல்யாணத்துக்குச் சமையல்' என்பார். அவர் பொறியாளர். அவருக்கு எல்லா வேலையும் சமையல்தான்.

நசேரியன் கென்யாவிலிருந்து முனைவர் பட்டத்துக்கு வந்தவள். உயரம், ஒட்ட வெட்டிய முடி, மெதுவான பேச்சு. தொண்ணூறுகளின் நடுவில் அவள் வந்தபோது எங்கள் துறையில் நிறம் குறைந்த சுவர்களுக்கு நடுவே நாங்கள் இருவர்தான் பளிச்சென்று தெரிந்தோம். சீக்கிரமே ஒட்டிக்கொண்டோம்.

அவள் ஊர் ஒரு பெரிய பள்ளத்தாக்கின் விளிம்பில் இருக்கிறது. ஊருக்கு மேலே ஊர்ப்பொதுவான ஒரு மலைச்சரிவு. அது முழுக்க லேலெஷ்வா என்று அவர்கள் சொல்லும் புதர். யாரும் நட்டதல்ல, தானாக வளர்வது. இலையின் மேற்புறம் சாம்பல் கலந்த பச்சை, அடிப்புறம் வெள்ளை. காற்று அடித்தால் மலை மொத்தமும் வெள்ளையாகத் திரும்பிவிட்டு மறுபடி பச்சையாகும் என்றாள். அதைச் சொல்லும்போது தன் கையைத் திருப்பித் திருப்பிக் காட்டினாள். நான் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த மலைக்குத்தான் ஆபத்து வந்திருந்தது. லேலெஷ்வா அடிக்கட்டை நல்ல கரியாகும். நகரத்திலிருந்து ஒரு கரி வியாபாரி வந்து சரிவு முழுவதையும் கேட்டிருந்தார். கிளையை வெட்டினால் புதர் மறுபடி துளிர்க்கும். அவருக்கு வேண்டியதோ வேரோடு கட்டை. வேர் போனால் மண் போகும், மண் போனால் அடிவாரத்து ஊற்று போகும். ஊர்க் கூட்டத்தில் இதை எழுந்து சொன்னது நசேரியனின் அம்மா ஒருவர்தான்.

பெரியவர்கள் அவரைத் திட்டவில்லை. நியாயமாகத்தான் கேட்டார்கள். "உன் மகள் கடல் தாண்டிப் படிக்கிறாளே. இந்தப் புதர் கரியைத் தவிர வேறு எதற்காவது உதவும் என்றால் வந்து சொல்லட்டும். அதுவரை பொறுக்கிறோம்." கோடை விடுமுறைக்கு அவள் ஊர் போகும்போது கூட்டம். அதற்குள் பதில் வேண்டும். அந்தப் பதிலைத் தேடித்தான் இரண்டு சாக்கு காய்ந்த இலை, எல்லாச் சுங்கச் சோதனைகளும் முடிந்து, கப்பலில் மொன்றியல் துறைமுகத்துக்கு வந்து சேர்ந்திருந்தது.

மணி அடிக்க வைத்த கற்பூரம்

என் கை ஏன் தானாகக் கண்ணுக்குப் போனது என்பதற்கு ஒரு கிளைக்கதை உண்டு.

அந்தக் காலத்தில் மொன்றியலின் பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியில் ஒரு மாடிக்கூடத்தை வாடகைக்கு எடுத்து வெள்ளிக்கிழமை பூசை நடத்துவோம். முன்னால் நின்று எல்லாம் செய்வது சிவலிங்கம் அண்ணன். மட்டக்களப்புக்காரர். இரண்டு தெரு தள்ளி மளிகைக்கடை வைத்திருந்தார். ஒரு வெள்ளிக்கிழமை அவர் உற்சாகத்தில் கற்பூரத்தைத் தாராளமாகக் கொளுத்திவிட்டார். புகை மேலே போனது. கூரையில் இருந்த கருவி அலறியது. நாங்கள் அரோகரா சொல்லிக்கொண்டிருக்கும்போதே தீயணைப்புக்காரர்கள் கோடரியோடு படியேறி வந்துவிட்டார்கள்.

சிவலிங்கம் அண்ணன் அசரவில்லை. "போன்ஜூர்" என்று கும்பிட்டு, ஆளுக்கொரு கிண்ணம் சுண்டல் கொடுத்தார். அவர்கள் தலைக்கவசத்தைக் கழற்றிவிட்டு, நின்றபடியே சாப்பிட்டு, "மெர்சி" சொல்லிவிட்டுப் போனார்கள். கட்டட உரிமையாளர் மட்டும் சாப்பிடவில்லை. அன்றோடு கூடத்தில் கற்பூரத்துக்குத் தடை. ஒரு சின்ன மின்விளக்கைத் தட்டில் வைத்துச் சுற்றிக் காட்டுவோம். அந்த விளக்கைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும்போதெல்லாம் எனக்கு ஏதோ குறைகிற மாதிரி இருக்கும். அண்ணனுக்கு அது பெரிய மனத்தாங்கல்.

ஊட்டியில் விற்கிற சாமான்

இலையைக் காய்ச்சி வடித்தோம். கண்ணாடிக் குடுவையில் நீரும் இலையும் கொதிக்க, ஆவி குளிர்ந்து சொட்டுச் சொட்டாக இறங்கியது. தண்ணீரின் மேல் மெல்லிய மஞ்சளாக ஒரு தைலம் மிதந்தது. யாரும் நட்டு வளர்க்காத ஒரு மலை, ஒரு குழாயின் கழுத்தில் விரற்கடை உயரத்தில் நிற்கிறது என்று தோன்றியது. நசேரியன் அதன் எதிரில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

"இது கற்பூரம்தான், சந்தேகமே இல்லை" என்றேன் நான். பிறந்ததிலிருந்து கற்பூரம் முகர்ந்தவளுக்குத் தெரியாதா. உறைகுளிரில் வைத்தால் வெள்ளையாகப் படிகம் இறங்கும் என்று காத்திருந்தேன். சொல்லும்படியாக ஒன்றும் இறங்கவில்லை. கருவியில் ஓட்டிப் பார்த்ததில் விஷயம் தெரிந்தது. கற்பூரம் கொஞ்சம் இருந்தது. பெரும்பகுதி, ஊட்டியில் தெருவுக்குத் தெரு விற்கிறார்களே, அந்த நீலகிரித் தைலத்தில் இருக்கும் அதே பொருள்.

எங்கள் பேராசிரியர் கியூபெக்காரர், நல்ல மனிதர், சுற்றி வளைக்கத் தெரியாதவர். தாளைப் பார்த்துவிட்டு, "நீலகிரி மரம் உலகம் முழுக்க இருக்கிறதே, இதை யார் வாங்குவார்கள்?" என்றார்.

நசேரியன் தாளை வாங்கி மடித்து வைத்துக்கொண்டாள். மாலையில் என்னிடம் சொன்னாள். "அதுகூடப் பரவாயில்லை. இப்படிக் காய்ச்சணும்னா எங்க மலையில அடுப்புக்கு எதை எரிப்போம்? அதே புதரைத்தான்."

அவள் முகத்தைப் பார்க்க எனக்குச் சங்கடமாக இருந்தது. கோடை வேறு நெருங்கிக்கொண்டிருந்தது.

சாக்குக்கு ஓர் இடம்

இதற்கிடையில் எங்கள் துறையின் அதே மாடியில் இருந்தவர்கள் அனைவரும் வாசம் தலைவலி தருகிறது என்று முறையிட்டார்கள். பிரிக்காத இரண்டாவது சாக்கை எங்காவது கொண்டுபோகச் சொல்லி உத்தரவு. என் வீட்டில் வைக்க ராகவன் ஒப்பவில்லை. "உன் கற்பூர மலையை வீட்டுக்குள்ள கொண்டு வந்தா, நான் தீபாராதனைத் தட்டோட வெளியில நிக்க வேண்டியதுதான்" என்றார்.

எனவே சாக்கைக் காரில் ஏற்றிக்கொண்டு சிவலிங்கம் அண்ணன் கடைக்குப் போனேன். கடைக்குக் கீழே அவருக்கு ஒரு சாமான் அறை உண்டு.

"ஒரு ஓரமா கெடக்கட்டும் அண்ணே. காஞ்ச இலைதான்."

அவர் குனிந்து முகர்ந்தார். நிமிர்ந்தபோது முகம் மாறியிருந்தது.

"எங்க இருந்து தங்கச்சி இது?"

"ஆப்பிரிக்கா."

"அங்கயும் இரிக்கா இந்த வாசம்" என்று மெதுவாகச் சொன்னார். பிறகு தானே தோளில் தூக்கிக்கொண்டு கீழே இறங்கினார். நான் காரை ஓரமாக நிறுத்திவிட்டு வந்திருந்ததால் பின்னால் போகவில்லை.

புகார்

சில வாரங்கள் கழித்து அவரிடமிருந்து போன்.

"தங்கச்சி, உங்கட சாக்கை வந்து எடுத்துப் போங்க. என்ட அரிசி எல்லாம் கோயில் வாசம் அடிக்குது. உங்கட புரோசார்டில இருந்து ஒரு டாக்டர்ர மிசிஸ் வந்து அரிசியைத் திருப்பித் தந்திட்டுப் போறா. பச்சைக் கற்பூரம் போட்ட மாதிரி இரிக்காம். சக்கரைப் பொங்கல் எண்டா சரி, சாம்பாருக்கு எப்பிடிச் சாப்பிடுறது எண்டு கேக்கா."

சனிக்கிழமை நசேரியனையும் கூட்டிக்கொண்டு மெட்ரோவில் போனேன். அண்ணன் எங்களைக் கீழே அழைத்துப் போனார். படியிறங்கியதும் ஒரு பக்கம் கருவாட்டுப் பெட்டிகள், பனி தள்ளும் மண்வாரி, ரப்பர் காலணிகள். எதிர்ப்பக்கம் அரிசி மூட்டைகள் அடுக்கியிருந்தன. அவற்றுக்கு மேலே சுவரில் ஒரு பிள்ளையார் படம். படத்துக்கு நேர் கீழே, அரிசி மூட்டைகளின் மேல், எங்கள் இலைச் சாக்கு கொலு வீற்றிருந்தது.

"ஏன் அண்ணே அரிசி மேல வெச்சீங்க? ஓரமா வைக்கச் சொன்னேனே."

"ஓரத்தில கருவாடெல்லோ இரிக்கி. சாமி வாசம் அடிக்கிற சாமானைக் கருவாட்டுக்குப் பக்கத்திலயா வைக்கிற? சப்பாத்தும் கிடக்கு அங்க. எனக்கு மனம் வரல்ல."

சப்பாத்து என்றால் காலணி என்பது வரை நான் நசேரியனுக்கு அதை மொழிபெயர்த்தேன். தன் இலைக்குக் கிடைத்த மரியாதையைக் கேட்டு அவள் அவருக்குத் தலை குனிந்து வணக்கம் சொன்னாள்.

சாக்கைத் தூக்கினோம். அண்ணன் அடியில் இருந்த அரிசி மூட்டையைப் பிரித்துக் காட்டினார். உண்மைதான், அர்ச்சனைத் தட்டில் வைத்த அரிசி போல மணந்தது. "மற்றப் பக்கத்து மூட்டையில வாசம் ஒண்டும் இல்ல, அதைக் குடுப்பம் எண்டு பாத்தா, அது இதைவிட மோசம்" என்று சலித்துக்கொண்டே, தூரத்துச் சுவரோரம் இருந்த ஒரு மூட்டையைத் திறந்தார்.

அரிசி அசைந்தது. உள்ளே வண்டு. கையை விட்டால் கைமேல் ஏறுகிற அளவுக்கு வண்டு.

நசேரியன் என் தோளைப் பிடித்தாள். "ரெண்டு மூட்டையும் ஒண்ணா வந்ததான்னு கேளுங்க."

"ஓம், எல்லாம் ஒரே கொள்கலத்தில வந்த சாமான்" என்றார் அண்ணன்.

"மத்ததையும் திறக்கச் சொல்லுங்க, கல்யாணி. தயவுசெஞ்சு."

அண்ணன் முணுமுணுத்துக்கொண்டே ஒவ்வொன்றாகத் திறந்தார். இலைச் சாக்கைத் தொட்டுக்கொண்டிருந்தவை சுத்தம். கொஞ்சம் தள்ளி இருந்தவற்றில் அங்கொன்றும் இங்கொன்றும். சுவரோரத்தில் ஊர்வலம். யாரோ திட்டம் போட்டு அடுக்கிய பரிசோதனை மாதிரி அந்த அறை எங்கள் முன்னால் கிடந்தது. கருவி கருவியாக நாங்கள் தேடியதை, கருவாட்டோடு சேர்க்க மனம் வராத ஒரு பக்தி எடுத்துக் கொடுத்திருக்கிறது. அதைச் செய்தவரோ கடையில் அரிசி கெட்டுப்போன கோபத்தில் நிற்கிறார்.

நசேரியன் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். "எங்கம்மாவோட மக்காச்சோளத்துல பாதி இந்த வண்டுக்குத்தான் போகும். ஒவ்வொரு வருஷமும். குதிருக்குப் பின்னால நிமிர்ந்து பார்த்தா அந்த மலை. நாங்க யாரும் அதைக் குதிருக்குள்ள கொண்டு வரல."

"வாசம் போகாட்டி யார் சாப்பிடுவா?" என்றார் அண்ணன், விஷயம் பாதி புரிந்து. அதையும் அங்கேயே பார்த்துவிட்டோம். மணக்கிற அரிசியைக் கழுவி, கடைப் பின்கட்டில் இருந்த மின்குக்கரில் வைத்தார். அவரும் நசேரியனும் மீன் ஆணம் ஊற்றிக்கொண்டார்கள். ஆணம் என்பது அவர் ஊரில் குழம்புக்குப் பெயர். எனக்குத் தயிர். வெந்த சோற்றை நான் எத்தனை முகர்ந்தும் சோற்று வாசம்தான் வந்தது. அண்ணன் தட்டை வழித்துவிட்டு, "அந்த மிசிஸுக்கு நான் மறுகா போன் அடிக்கிறன்" என்றார்.

குழாய்க்குள் ஊர்வலம்

ஒரு கடையின் அறையை வைத்துக்கொண்டு ஊரைக் கூட்ட முடியாது. முறையாகப் பார்க்க வேண்டும். அதற்கு வண்டு வேண்டும். அண்ணனின் ஊறுகாய்ப் போத்தலில் வண்டுகளைச் சேர்த்து, மூடியில் துளையிட்டு, மடியில் வைத்துக்கொண்டு மெட்ரோவில் திரும்பினோம். எதிரில் இருந்த சின்னப் பெண் என் மடியையே பார்த்துக்கொண்டு வந்தாள். இறங்கும்போது தன் அம்மாவிடம் பிரெஞ்சில் ஏதோ சொன்னாள். அந்த அம்மா என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத வேண்டாம்.

நீளமான கண்ணாடிக் குழாய். இரண்டு முனையிலும் மக்காச்சோளம். ஒரு முனையில் மட்டும் கொஞ்சம் இலை. நடுவில் வண்டுகளை விட்டோம். அவை முதலில் குழம்பின. பிறகு ஒன்று திரும்பியது. அதன் பின்னால் இன்னொன்று. கொஞ்ச நேரத்தில் எல்லாம் இலை இல்லாத பக்கமாக நடக்க ஆரம்பித்துவிட்டன. சாகவில்லை, துடிக்கவில்லை. வேண்டாம் என்று கிளம்பிப் போயின, அவ்வளவுதான். நான் அத்தனை வருடம் அந்த ஆய்வுக்கூடத்தில் எத்தனையோ பார்த்திருக்கிறேன். எதன் முன்னாலும் அப்படி மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றதில்லை.

பேராசிரியரும் வந்து குனிந்து பார்த்தார். தானே மறுபடி செய்து பார்த்தார். "போன்" என்று, 'நல்லது' என்பதற்கான பிரெஞ்சு வார்த்தை ஒன்றை மட்டும் சொன்னார். அவரிடமிருந்து அது பெரிய பாராட்டு.

ஆனால் சந்தோஷம் முழுசாக நிலைக்கவில்லை. அதே இலையை வைத்துக்கொண்டே வந்தபோது வாசம் தேய்ந்தது. ஒரு நாள் காலையில் பார்த்தால் வண்டுகள் இலைக்குள்ளேயே உலாவிக்கொண்டிருந்தன.

"இதுதான் சிக்கல்" என்றார் பேராசிரியர். "நீடிக்காது. ஒவ்வொரு அறுவடைக்கும் புது இலை தேடணும். இதை எப்படி ஒரு தீர்வுன்னு கொண்டு போவாய்?"

எனக்கும் அவர் சொன்னது சரியென்றே பட்டது. நசேரியன் உதிர்ந்த இலையை விரலால் புரட்டிக்கொண்டிருந்தாள். ஒரு பக்கம் பச்சை, ஒரு பக்கம் வெள்ளை.

"இதை மறைக்க மாட்டேன். கூட்டத்துல இதையும் சொல்லுவேன்" என்றாள்.

"வேண்டாம்மா. ஏற்கெனவே வியாபாரி காத்துக்கிட்டு இருக்கார்" என்றேன்.

"பொய் சொல்லிக் காப்பாத்தின மலையில எங்கம்மா எப்படி ஆடு மேய்ப்பாங்க?"



கூட்டம்

அவள் ஊருக்குப் போனாள். நான் பாலத்தில் காரோடு ஊர்ந்தேன், யார் யாருடைய ஆராய்ச்சிக்கோ கருவி ஓட்டினேன். மனம் மட்டும் பார்த்திராத ஒரு சரிவில் கிடந்தது. வெட்டுகிறார்களா, விடுகிறார்களா? ராகவன்கூடக் கேலியை நிறுத்திவிட்டு, "போன் வந்துதா?" என்று கேட்க ஆரம்பித்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை வந்தது. இரைச்சலுக்கு நடுவே அவள் குரல். தூரத்தில் ஏதோ ஊர்தி, அதற்கும் அப்பால் ஆடுகள்.

அவளுடைய அம்மா அவள் வருவதற்கு முன்பே, அவள் எழுதியபடி, இரண்டு தகர டின்களில் மக்காச்சோளம் போட்டு, ஒன்றில் மட்டும் இலை வைத்திருக்கிறார். கூட்டத்தின் நடுவில் துணி விரித்து இரண்டையும் கொட்டினார்களாம். ஒன்றிலிருந்து வண்டுகள் ஓடி வர, முன்வரிசைப் பெரியவர்கள் காலை இழுத்துக்கொண்டார்கள். இன்னொன்று அப்படியே கிடந்தது. கரி வியாபாரியும் அங்கேதான் உட்கார்ந்திருந்தார்.

"பிறகு ஒரு பெரியவர் கேட்டார், இந்த இலை எத்தனை நாள் தாங்கும்னு. நான் மறைக்கல, கல்யாணி. ஒரு பருவம்தான் தாங்கும், அடுத்த அறுவடைக்குப் புது இலை வேணும்னு சொல்லிட்டேன். எல்லாரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கிட்டாங்க. போச்சுன்னு நினைச்சேன்."

"அப்புறம்?"

"அவர் வியாபாரி பக்கம் திரும்பினார். 'கேட்டீங்கல்ல? அடுத்த வருஷமும் எங்களுக்கு இது வேணுமாம்'னு சொன்னார். கூட்டம் அதோட முடிஞ்சிடுச்சு."

இணைப்பு அறுந்துபோனது. நான் போனைக் கையில் பிடித்தபடி சமையலறைத் தரையில் உட்கார்ந்திருந்தேன். கண்ணீர் வந்துகொண்டே இருந்தது, துடைக்கத் தோன்றவில்லை. எந்தக் குறையை மறைத்துவிடச் சொன்னேனோ, அந்தக் குறைதான் அந்த மலையை அங்கே நிறுத்தி வைத்திருக்கிறது.

ராகவன் வாசலில் வந்து நின்றார். "என்ன ஆச்சு?"

"மலை பிழைச்சிடுச்சு" என்றேன்.